திட்டமிடல் மென்பொருளை லீட் டைமிலிருந்து தொடங்குங்கள்

சப்ளை செயின் திட்டமிடலுக்கு மென்பொருள் தேடும்போது பேச்சு பெரும்பாலும் முன்கணிப்பைச் சுற்றியே நடக்கிறது. எந்த அல்காரிதம், இயந்திரக் கற்றல் உண்டா, துல்லியம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஆனால் கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்பதைப் பல பொருள்களில் தீர்மானிப்பது வேறொன்று. ஆர்டர் போட்ட நாளிலிருந்து சரக்கு பயன்படுத்தும் நிலையில் கைக்கு வரும்வரை எவ்வளவு நாளாகிறது (இதுதான் லீட் டைம்), அந்த நாள்கணக்கு எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் அது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு பொருள் வாரத்துக்குச் சராசரியாக 120 போகிறது. வாராந்தர முன்கணிப்புப் பிழையின் திட்ட விலக்கம், அதாவது அது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 30. லீட் டைம் சராசரியாக 4 வாரம், அதன் திட்ட விலக்கம் 1 வாரம். எதிர்பாராத ஏற்ற இறக்கத்துக்காகக் கூடுதலாக வைக்கும் பாதுகாப்பு இருப்புக்கான வழக்கமான சூத்திரத்தில், முன்கணிப்புப் பிழையின் வர்க்கத்தை லீட் டைமால் பெருக்க வேண்டும். சராசரித் தேவையின் வர்க்கத்தை லீட் டைம் விலக்கத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, சேவை நிலைக்கான (தட்டுப்பாடின்றிச் சமாளிக்கும் வாய்ப்புக்கான) காரணியால் பெருக்கினால் விடை. காரணி 95 சதவீதத்துக்கு 1.65, 98க்கு 2.05, 99க்கு 2.33.

900 × 4 = 3,600. 14,400 × 1 = 14,400. கூட்டுத்தொகை 18,000, அதன் வர்க்கமூலம் 134. அதை 1.65ஆல் பெருக்க 221 வருகிறது.

இனி, முன்கணிப்புப் பிழையைப் பாதியாக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 என்பது 15 ஆனால் பாதுகாப்பு இருப்பு 204 ஆகிறது. மிச்சம் 17. பிழையைத் தொடாமல் லீட் டைமின் ஆட்டத்தை மட்டும் 1 வாரத்திலிருந்து அரை வாரமாக்கினால் 140 ஆகிறது. மிச்சம் 81. முன்கணிப்புப் பிழையைப் பாதியாக்குவது எவ்வளவு கடினம் என்பது அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். சப்ளையரோடு உட்கார்ந்து பேசி அனுப்பும் நாளை ஒழுங்குபடுத்துவது அதைவிட எளிது. லீட் டைம் அசையாமல் தேவை மட்டும் தாவுகிற பொருளுக்கு விடை தலைகீழாகும். அதனால்தான் இந்தக் கணக்கைப் பொருள்வாரியாகப் போட வேண்டும்.

பல மென்பொருள்களில் லீட் டைமுக்கு ஒரே ஒரு கட்டம்தான் கண்ணில் படும்; விலக்கத்துக்கான கட்டம் உள்ளே எங்கோ இருக்கும். அதை வெறுமையாக விட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன பொருளுக்கு 221க்குப் பதில் 99 என்று காட்டும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. சரக்கு தீர்ந்த பிறகுதான் தெரியவரும்.

லீட் டைமைக் கணக்கிடுவது

கடந்த 12 முதல் 24 மாதக் கொள்முதல் ஆர்டர்களை ஈ.ஆர்.பி.யிலிருந்து (நிறுவனத்தின் கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாம் பதிவாகும் மென்பொருள்) வரிவரியாக எடுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஆர்டர் போட்ட தேதி, சப்ளையர் முதலில் ஒப்புக்கொண்ட தேதி, சரக்கு வந்த தேதி, தரச் சோதனை முடிந்து விடுவித்த தேதி ஆகிய நான்கும் வேண்டும். லீட் டைமின் முடிவு கடைசித் தேதிதான். வாசலுக்கு வந்து சோதனைக்குக் காத்திருக்கும் சரக்கை உற்பத்திக்கு எடுக்க முடியாது.

இதில் எண்கள் நம்மை ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. சப்ளையர் தாமதமாகும் என்று சொன்னதும் வாங்கும் துறை ஈ.ஆர்.பி.யில் தேதியைத் திருத்திவிடும். பழைய தேதி அழிந்துபோவதால் எல்லாச் சரக்கும் சொன்ன நாளில் வந்ததுபோலத் தெரியும். முதல் தேதியைத் தனிக் கட்டத்தில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, ஆறு மாதம் கழித்துத் தேவைப்படும் சரக்குக்கு இன்றே ஆர்டர் போடுவது. அந்த வரியைச் சேர்த்தால் லீட் டைம் 26 வாரம் என்று வரும். அது சப்ளையரின் வேகமல்ல, நாம் கேட்ட தேதி. வழக்கமான லீட் டைமைவிட வெகுதூரம் தள்ளிக் கேட்ட வரிகளை நீக்கிவிட்டுக் கணக்கிடுங்கள். மூன்றாவது, தவணையாக வந்த சரக்கு. முதல் தவணையின் தேதியை மட்டும் எடுத்தால் லீட் டைம் குறைவாகத் தெரியும். ஒவ்வொரு தவணைக்கும் அதன் அளவுக்கேற்ற எடை கொடுங்கள்.

ஒரு பொருளுக்கு எட்டு, பத்து வரவுகூட இல்லையென்றால் அதன் திட்ட விலக்கத்தை நம்ப வேண்டாம். அந்தச் சப்ளையரின் ஒத்த பொருள்களைச் சேர்த்துக் கணக்கிடுவது மேல். வரைபடமும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை 4 வாரத்தில் வந்து, பத்தில் ஒன்று 10 வாரம் இழுத்தால், மேலே சொன்ன சூத்திரத்தை அப்படியே நம்ப முடியாது. அது மணி வடிவப் பரவலை அடிப்படையாகக் கொண்டது. அத்தகைய பொருளுக்கு உருவகப்படுத்தல்தான் (கணினியில் பலமுறை ஓட்டிப் பார்ப்பதுதான்) வழி. அது பின்னால் வருகிறது.

காலண்டர் நாளா, வேலை நாளா என்பதையும் பார்த்துவிடுங்கள். சப்ளையர் 20 காலண்டர் நாள் என்று சொன்னதை வேலை நாள் கட்டத்தில் நிரப்பினால், வாரத்துக்கு ஐந்து வேலை நாள் கணக்கில் அது 28 நாளாகிவிடும்.

இருப்புப் பதிவும் பாகப் பட்டியலும்

இருப்புப் பதிவும், ஒரு தயாரிப்புக்கு எந்தப் பாகம் எவ்வளவு வேண்டும் என்று சொல்லும் பாகப் பட்டியலும் சரியில்லாமல் எம்.ஆர்.பி.யை (எதை, எப்போது, எவ்வளவு வாங்க வேண்டும் என்று கணக்கிடும் ஓட்டத்தை) ஓட்டக் கூடாது. எழுந்தமானமாக 50 பொருள்களை எடுத்து நேரில் எண்ணிப் பாருங்கள். அனுமதித்த வித்தியாசத்துக்குள் இருப்பவை குறைந்தது 95 சதவீதம் இருக்க வேண்டும்; பாகப் பட்டியல்களில் 98 சதவீதம். பட்டியலுக்கு ஏன் கூடுதல் கண்டிப்பு என்றால், பிழை அடுக்கடுக்காகப் பெருகும். நான்கு அடுக்குள்ள ஒரு தயாரிப்பில் ஒவ்வோர் அடுக்கும் 98 சதவீதம் சரி என்றாலும் நான்கும் சேர்ந்து சரியாக இருக்கும் வாய்ப்பு 92 சதவீதம்தான். அளவலகு குழப்பம் இங்கே அடிக்கடி வரும்: வாங்குவது ரோலில், பட்டியலில் இருப்பது மீட்டரில், இடையில் மாற்று எண் இல்லை.

முன்கணிப்பு

விற்பனைப் பதிவும் தேவையும் ஒன்றல்ல. சரக்கு இல்லாத வாரத்தில் விற்பனை பூஜ்யமாக இருக்கும். மென்பொருள் அதைத் தேவையே இல்லை என்று படித்து, அடுத்த வாரத்துக்கும் குறைவாக வாங்கச் சொல்லும். இருப்பு தீர்ந்த நாள்களைக் குறித்து, அந்த இடங்களைக் காலியாக விடுங்கள் அல்லது மதிப்பீட்டால் நிரப்புங்கள். தேவையைப் பதிய வேண்டிய தேதி வாடிக்கையாளர் கேட்ட தேதி, நாம் அனுப்பிய தேதியல்ல. ஒரே தடவை வந்த பெரிய ஆர்டரைத் தனியே குறியுங்கள்.

அடுத்து, பொருள்களைப் பிரியுங்கள். இரண்டு எண் போதும்: தேவை வந்த காலங்களுக்கிடையே உள்ள சராசரி இடைவெளி, தேவை வந்தபோது அதன் அளவின் மாறுபாட்டுக் கெழுவின் (திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்த எண்ணின்) வர்க்கம். பரவலாகப் பயன்படும் எல்லைகள் முறையே 1.32, 0.49. இரண்டும் எல்லைக்குக் கீழே என்றால் சாதாரண அடுக்குக்குறிச் சீராக்கம் (அண்மைத் தரவுக்குக் கூடுதல் எடை தரும் சராசரி) நன்றாகவே வேலை செய்யும். இடைவெளி அதிகமுள்ள உதிரிபாகம் போன்றவற்றுக்கு 1972இல் கிராஸ்டன் தந்த முறை பொருந்தும். அந்த முறை சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பதால், சீராக்க எண்ணில் (புதிய தரவுக்குத் தரும் எடையில்) பாதியை 1இலிருந்து கழித்து, வரும் எண்ணால் விடையைப் பெருக்கும் திருத்தம் ஒன்று உண்டு. சீராக்க எண் 0.1 என்றால் 0.95ஆல் பெருக்க வேண்டும்.

இயந்திரக் கற்றல் தேவையா? 2020இல் நடந்த எம்5 முன்கணிப்புப் போட்டியில் லைட்ஜிபிஎம் என்ற இயந்திரக் கற்றல் கருவியின் வழி முறைகள் முன்னணியில் நின்றன. அங்கே 30,490 பொருள்-கடைத் தொடர்கள், விலை, நாட்காட்டி எல்லாம் கூடவே இருந்தன. நாற்பது பொருள், இரண்டு வருட மாதாந்தரத் தரவு என்றால் அந்த முறைக்குக் கற்க ஒன்றுமில்லை. எந்த முறையானாலும், போன வருடம் இதே வாரம் போனது இந்த வருடமும் போகும் என்ற எளிய கணிப்போடு ஒப்பிடுங்கள். அதை வெல்லாத மாதிரியை நிறுத்திவிடுங்கள்.

பிழையை அளப்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். லீட் டைம் 4 வாரம் என்றால், 4 வாரத்துக்கு முன் போட்ட கணிப்பை இன்றைய உண்மையோடு ஒப்பிட வேண்டும். ஒரு வாரம் முன்பு போட்டதோடு ஒப்பிட்டால் பிழை பொதுவாகக் குறைவாகத் தெரியும். ஆனால் ஆர்டர் போட்டது பழைய கணிப்பை நம்பித்தானே? பழைய கணிப்புகளை மேலெழுதாமல் தேதியோடு சேமிக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். சராசரிச் சதவீதப் பிழை பூஜ்யத் தேவை உள்ள வாரங்களில் உடைந்துபோகும். பிழைகளின் மொத்தத்தை விற்பனையின் மொத்தத்தால் வகுப்பது நம்பகமானது. பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் தனியே பாருங்கள். ஒவ்வொரு மாதமும் 10 சதவீதம் கூடுதலாகச் சொல்லும் கணிப்பு, இருபுறமும் 15 சதவீதம் தவறும் கணிப்பைவிட அதிகச் சரக்கைத் தேக்கும்.

ஆர்டர் போடும் விதிகள்

மேலே சொன்ன பொருளை நாள்தோறும் கண்காணித்தால், மறு ஆர்டர் புள்ளி (இருப்பு இதுவரை இறங்கினால் ஆர்டர் போட வேண்டிய எண்) 4 வாரத் தேவையான 480உடன் 221 சேர்த்து 701. வாரம் ஒருமுறை மட்டும் திட்டத்தை ஓட்டினால் அந்த ஒரு வாரத்தையும் லீட் டைமோடு கூட்ட வேண்டும். 5 வாரத் தேவை 600, பாதுகாப்பு இருப்பு 227, ஆக 827 வரை நிரப்ப வேண்டும். கையிருப்போடு வரவேண்டிய ஆர்டர்களையும் சேர்த்தே இதை ஒப்பிடுங்கள். வழியில் இருக்கும் சரக்கை மறந்தால் ஒரே தேவைக்கு இரண்டு முறை வாங்குவீர்கள்.

ஆர்டர் அளவுக்கு 1913இல் ஃபோர்ட் ஹாரிஸ் தந்த சிக்கன அளவுச் சூத்திரம் (ஆர்டர் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்து மிகக் குறையும் அளவைத் தருவது) போதும். அதைத் துல்லியமாக்க மெனக்கெட வேண்டாம். சிக்கன அளவைப்போல இரண்டு மடங்கு வாங்கினாலும் ஆர்டர் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்து 25 சதவீதம்தான் கூடும். பெட்டிக் கணக்குக்கு முழுமையாக்கிவிட்டு நகருங்கள்.

அருகிலுள்ள சில வாரங்களைப் பூட்டி வையுங்கள். அந்த வேலிக்குள் மென்பொருள் பரிந்துரைக்கலாம், மாற்றுவது மனிதர். பூட்டாவிட்டால் மேல் அடுக்கில் நேரும் சிறு மாற்றம் கீழ் அடுக்குகளில் பெரிதாகி, சப்ளையருக்கு வாரம் ஒரு புதிய தேதி போகும். அவர் எதையும் நம்பாமல் போவார், லீட் டைமின் ஆட்டம் கூடும். அப்போது முதலில் போட்ட கணக்கே மாறிவிடும்.

இயந்திர அட்டவணை

சொந்த உற்பத்தியிலும் லீட் டைமை ஒரு நிலையான எண்ணாக நிரப்புவதுதான் வழக்கம். அது சுமையின் விளைவு. வேலைகள் ஒழுங்கின்றி வந்து, முடியும் நேரமும் ஒழுங்கின்றி இருக்கும் ஒற்றை இயந்திரத்தில், சுமை 80 சதவீதமாக இருக்கும்போது ஒரு வேலை தன் சராசரி நேரத்தைப்போல 4 மடங்கு வரிசையில் காத்திருக்கும். 90 சதவீதத்தில் 9 மடங்கு, 95இல் 19 மடங்கு. ஆகவே நெருக்கடியான இயந்திரத்துக்கு மட்டுமாவது, திறன் வரம்பைக் கணக்கில் கொள்ளும் அட்டவணை வேண்டும். மற்றவற்றுக்கு எளிய விதியே போதும்.

அதற்கு முதல் தேவை செட்டப் அட்டவணை: எந்த வேலைக்குப் பின் எந்த வேலை வந்தால் எத்தனை நிமிடம். வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாற 15 நிமிடமும், கறுப்பிலிருந்து வெள்ளைக்குக் கழுவ 90 நிமிடமும் ஆகிறதென்றால், வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்ற வரிசையில் 120 நிமிடம் போகும். இரண்டு வெள்ளையையும் முன்னால் போட்டால் 15 நிமிடம்தான். 480 நிமிட ஷிஃப்டில் 105 நிமிடம் மிச்சம். இந்த நேரங்களைக் கடிகாரம் வைத்து அளந்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

திறமூல மென்பொருளில் முயல விரும்பினால், முழுத் திட்டமிடலுக்கு ஃபிரெப்பிள் இருக்கிறது. சொந்தமாக மாதிரி எழுத கூகுளின் ஓ.ஆர்.-டூல்ஸில் உள்ள சி.பி.-சாட் என்ற தீர்வான் (கட்டுப்பாடுகளுக்குள் சிறந்த விடையைத் தேடும் நிரல்) நல்லது. அது முழு எண்களை மட்டுமே ஏற்கும் என்பதால் நேரத்தை நிமிடமாக்கிக் கொடுங்கள். டெலிவரி தேதியை மீற முடியாத கட்டுப்பாடாக வைத்தால், ஓர் ஆர்டர் சாத்தியமில்லாதபோது மொத்தத்துக்கும் தீர்வு இல்லை என்று வந்து நிற்கும். தாமதத்துக்கு நிமிடக் கணக்கில் அபராதம் வைத்தால் எது எவ்வளவு தாமதம் என்று விடை கிடைக்கும். அபராதத்தைக் கோடிகளில் வைக்காதீர்கள். நேரியல் தீர்வான்களில் அது எண் துல்லியத்தைக் கெடுக்கும், செட்டப் மிச்சமெல்லாம் அதன் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கிடைத்த தீர்வுக்கும், இதைவிட நல்ல விடை சாத்தியமில்லை என்று தீர்வான் காட்டும் எல்லைக்கும் இடைவெளி 2 சதவீதத்துக்குள் வந்ததும் நிறுத்திவிடலாம். நீங்கள் அளந்த செட்டப் நேரங்களிலேயே அதைவிடப் பெரிய பிழை இருக்கும்.

என்ன ஆகும் என்று பார்ப்பது

சராசரி எண்களை மட்டும் போட்டு ஓட்டிய திட்டம் சராசரியான விளைவைக்கூடத் தராது. ஏனெனில், தட்டுப்பாட்டின் இழப்பும் மிகுதியின் இழப்பும் ஒன்றையொன்று சமன் செய்வதில்லை. அதற்குப் பதில், உண்மையில் பதிவான லீட் டைம்களிலிருந்தும் பிழைகளிலிருந்தும் எழுந்தமானமாக எடுத்து, 52 வாரத்தை 1,000 முறை ஓட்டுங்கள். இழுபறியான லீட் டைம் உள்ள பொருளுக்குப் பாதுகாப்பு இருப்பை இந்த வழியில்தான் நிர்ணயிக்க வேண்டும்: 150, 200, 250, 300 என்று வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதத் தேவை உடனே நிறைவேறியது என்று பாருங்கள். அந்தச் சதவீதமும் சூத்திரத்தின் 95ம் ஒன்றல்ல. சூத்திரத்தில் 95 என்பது, ஓர் ஆர்டர் சுழற்சி தட்டுப்பாடில்லாமல் முடியும் வாய்ப்பு. ஒரே கப்பலில், ஒரே சப்ளையரிடமிருந்து வரும் பொருள்கள் சேர்ந்தே தாமதமாகும். அவற்றைத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால் ஆபத்து குறைவாகத் தெரியும், ஒரே குலுக்கலில் எடுங்கள்.

பழைய முறையும் புதிய மென்பொருளும் 6 முதல் 8 வாரம் சேர்ந்து ஓடட்டும். நடப்பு வாங்கல் பழைய முறையில் தொடரட்டும். முதல் ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைச் செய்திகள் வந்தால் மிரள வேண்டாம். மூடாமல் விட்ட பழைய ஆர்டர்கள், கடந்துபோன தேதிகள், வெறுமையான லீட் டைம் கட்டங்கள் இவையே பெரும்பகுதி. வகைவாரியாகப் பிரித்து, பெரிய வகையின் காரணத்தை முதலில் சரிசெய்யுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை லீட் டைமையும் அதன் விலக்கத்தையும் புதிதாகக் கணக்கிட்டு, 20 சதவீதத்துக்கு மேல் மாறியவற்றை வாங்கும் துறையில் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே கட்டத்தில் ஏற்றுங்கள்.