இத்தாலியம் இரண்டாம் ஆண்டு: ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகாதீர்கள்

பல்கலைக்கழகத்தில் இரண்டு செமஸ்டர் இத்தாலியம் முடித்தவருக்கு வினைத்திரிபு அட்டவணைகள் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் நேற்று நடந்ததைப் பத்து வரியில் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். தமிழ் பேசும் மாணவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் யோசித்து, பிறகு இத்தாலியத்துக்குக் கொண்டுபோவதுதான் இதற்குப் பெரிய காரணம். இடைநிலையில் வரும் பாடங்களில் பாதிக்குத் தமிழிலிருந்தே நேர்வழி இருக்கிறது. எங்கே தமிழ் கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் நேரக் கணக்கு. இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட் என்பது 25 மணி நேர உழைப்பு. 6 கிரெடிட் பாடத்துக்கு 150 மணி. வகுப்பு 50 மணி என்றால், மீதி 100 மணியை நீங்களே போட வேண்டும். பன்னிரண்டு வார செமஸ்டரில் அது வாரம் எட்டு மணிக்குச் சற்று மேல். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் இதை ஈடுகட்ட முடியாது.

அதிகம் அடிவாங்கும் இடம் இரண்டு இறந்தகாலங்கள். பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ முடிந்த செயலுக்கு. இம்பெர்ஃபெத்தோ பின்னணிக்கும் வழக்கத்துக்கும். விதி எல்லாருக்கும் தெரியும், எழுதும்போதுதான் குழப்பம். வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘சின்ன வயசில் தினமும் கடற்கரைக்குப் போவேன்’, ‘நடந்துகொண்டிருந்தேன்’ என்று வந்தால் இம்பெர்ஃபெத்தோ. ‘போனேன்’, ‘போய்விட்டேன்’ என்று வந்தால் பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ. பழைய வழக்கத்தை எதிர்கால வடிவத்தில் சொல்லும் தமிழின் பழக்கம் இங்கே உதவுகிறது. ஆங்கிலத்தின் எளிய இறந்தகாலமோ இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

‘இருந்தது’ என்று முடியும் வருணனைகளில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும். வீடு பெரிசாக இருந்தது, வானம் இருட்டாக இருந்தது, அப்போது எனக்குப் பத்து வயசு: எல்லாமே இம்பெர்ஃபெத்தோ. காலம் நீண்டது என்பதால் இம்பெர்ஃபெத்தோ போடுவது இன்னொரு தவறு. ‘ரோமில் மூன்று வருஷம் இருந்தேன்’ என்பதில் தொடக்கமும் முடிவும் உண்டு. ஆகவே ‘ஓ அபித்தாத்தோ ஆ ரோமா பெர் த்ரே ஆன்னி’. ‘மூன்று வருஷமாக ரோமில் இருக்கிறேன்’ என்றால் தமிழைப் போலவே நிகழ்காலம்: ‘ஆபித்தோ ஆ ரோமா தா த்ரே ஆன்னி’. ஆங்கிலம் வழியாக வருபவர்தான் இங்கே இறந்தகாலத்தைத் தேடுவார். சில வினைகளில் காலம் மாறினால் பொருளே மாறும்: ‘ஸபேவோ’ என்றால் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, ‘ஓ ஸபூத்தோ’ என்றால் அப்போதுதான் தெரியவந்தது.

‘மீ ப்யாச்சே’ என்ற அமைப்பை ஆங்கிலத்தில் விளக்கப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக எழுதும். தமிழருக்கு அது ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதே. ‘மீ பாஸ்தா’ எனக்குப் போதும்; ‘மீ ஸெம்ப்ரா’ எனக்குத் தோன்றுகிறது; ‘மீ ஃபா மாலே லா தெஸ்தா’ எனக்குத் தலை வலிக்கிறது. பிடித்த பொருள்தான் எழுவாய் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதனால் புத்தகங்கள் என்றால் ‘மீ ப்யாச்சொனோ’. இறந்தகாலத்தில் துணைவினை எஸ்ஸெரே (‘இரு’). பீட்சா பெண்பால் என்பதால் ‘மீ ஏ ப்யச்சூத்தா’. கூட்டுச் சுட்டுப்பெயர்களிலும் வரிசை நம்முடையதே: ‘மே லோ’ என்பது ‘எனக்கு அதை’. ‘அதில் மூணு வாங்கினேன்’ என்பதில் வரும் ‘அதில்’தான் இத்தாலிய ‘நே’.

நினைப்பு, பயம், விருப்பம் போன்றவற்றைச் சொல்லும்போது வரும் வினைவடிவமான கொன்ஜுந்தீவோவுக்குத் தமிழில் ஜோடி இல்லை. இதை மனப்பாடமாகத்தான் ஏற்ற வேண்டும். ஸீயா, ஆப்யா, வாதா, ஃபாச்சா, போஸ்ஸா, வோல்யா, தெப்பா, ஸாப்யா, தீகா, வேங்கா ஆகிய பத்து வடிவங்களும் நாக்கில் இருந்தால் அன்றாடப் பேச்சில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம். நினைக்கிறேன், பயப்படுகிறேன், விரும்புகிறேன் என்பவற்றுக்குப் பிறகு ‘கே’ (‘என்று’) வந்தால் இது வரும். ‘ஸோ கே’ (எனக்குத் தெரியும்), ‘ஸெகோந்தோ மே’ (என் கருத்தில்) இரண்டுக்கும் வராது. இரண்டு வினைக்கும் எழுவாய் ஒருவரே என்றால் ‘கே’யே வேண்டாம், ‘பென்ஸோ தி பர்த்தீரே’ (புறப்பட நினைக்கிறேன்) என்று முடித்துவிடலாம். ‘நேரம் இருந்தால் வருவேன்’ போன்ற கற்பனை வாக்கியத்தில் ‘ஸே’ (‘-ஆல்’) அடுத்து ‘அவ்ரேய்’ எழுதுவது மதிப்பெண்ணை விழுங்கும் பிழை. சரியானது ‘ஸே அவெஸ்ஸி’.

உச்சரிப்பில் தமிழ் பாதி நண்பன், பாதி எதிரி. ‘படு’, ‘பட்டு’ என்று பிரித்துச் சொல்லும் நாக்குக்கு இரட்டை மெய் எளிது: ‘பாலா’ மண்வாரி, ‘பால்லா’ பந்து. ஆனால் மெல்லினத்துக்குப் பின்னும் உயிர்களுக்கு நடுவிலும் வல்லினத்தை மென்மையாக்கும் நம் பழக்கம் பொருளைக் கெடுக்கும். ‘எவ்வளவு’, ‘எப்போது’ என்ற இரண்டு இத்தாலியச் சொற்களையும் தமிழில் எழுதினால் ‘க்வாந்தோ’ என்ற ஒரே சொல்லாகிவிடும். வித்தியாசம் அந்தத் தகரத்தின் வன்மையில் மட்டுமே. வாசிக்க வசதியாக இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். உங்கள் குறிப்பேட்டில் இத்தாலிய எழுத்தைத் தவிர வேறெதுவும் வேண்டாம். பெயர்ச்சொல்லை எப்போதும் அதன் பால் காட்டும் ‘இல்’ (ஆண்பால்), ‘லா’வோடு (பெண்பால்) சேர்த்தே எழுதுங்கள். ‘லா மானோ’, ‘இல் ப்ரொப்லேமா’ போன்றவை ஈற்றைப் பார்த்துப் பால் சொல்பவரை ஏமாற்றும்.

வாரம் ஒரு கட்டுரை, 150 சொல். அகராதி இல்லாமல் 40 நிமிடத்தில் எழுதுங்கள். பிறகு த்ரெக்கானியின் இணைய அகராதியில் சந்தேகங்களைப் பாருங்கள். இத்தாலியத்துக்கு இத்தாலியத்திலேயே விளக்கம் தரும் அகராதி அது, இந்த நிலையில் அதுதான் சரி. ஆசிரியர் திருத்தித் தந்ததும் பிழைகளைக் காலம், பால்-எண் இயைபு, முன்னிடைச்சொல், சொல் தேர்வு என்று நான்காகப் பிரித்து எண்ணுங்கள். மூன்று நாள் கழித்து, திருத்திய தாளைப் பார்க்காமல் அதே கட்டுரையை மறுபடி எழுதுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான். திருத்தத்தைப் படித்துத் தலையாட்டுவதால் கை பழகாது.

கேட்கும் பயிற்சிக்கு, இத்தாலியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான ராயின் இணைய ஒலித்தளம் ராய்ப்ளே சவுண்டில் ஒரு செய்தியிலிருந்து ஒரு நிமிடம் எடுங்கள். முதல்முறை வெறுமனே கேளுங்கள், இரண்டாம்முறை நிறுத்தி நிறுத்தி எழுதுங்கள், மூன்றாம்முறை சரிபாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேட்பதைவிட இந்த ஒரு நிமிடம் அதிகம் சொல்லித்தரும். கதை வாசிக்கும்போது வரும் பஸ்ஸாத்தோ ரெமோத்தோ என்ற இன்னொரு இறந்தகாலத்தை அடையாளம் கண்டால் போதும். எழுதிப் பழக இப்போது அவசரமில்லை.

அடுத்த இலக்கு ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் பி2 நிலை என்றால், சீயெனாவின் வெளிநாட்டவர் பல்கலைக்கழகம் நடத்தும் சில்ஸ் தேர்வில் ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 11 வேண்டும். இலக்கணத்தில் 20 வாங்கிக் கேட்டல் பகுதியின் பள்ளத்தை நிரப்ப முடியாது.

இத்தாலியில் படிப்பவருக்கு வாய்மொழித் தேர்வு வழக்கமான ஒன்று. மதிப்பெண் 30க்கு, தேர்ச்சி 18. பேராசிரியரை ‘து’ என்று ஒருமையில் அழைக்கக் கூடாது. நம் ‘நீங்கள்’ நினைவில் ‘வோய்’யும் வேண்டாம். ‘லேய்’ போட்டு, வினையைப் படர்க்கை ஒருமையில் வையுங்கள். கேள்வி புரியாவிட்டால் மௌனமாக நிற்காமல் ‘போத்ரெப்பே ரிபேத்தெரே?’ என்று கேளுங்கள். ‘திருப்பிச் சொல்வீர்களா’ என்பதன் மரியாதை வடிவம் அது.