பால் கிரேட் எங்கே தொலைகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் அடுக்கி அனுப்பும் கிரேட்டுகள் குறையத் தொடங்கியதும், "யார் திருடுகிறார்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இப்போது எந்தக் கடையில், எந்த வண்டியில் எத்தனை கிரேட் இருக்கிறது? இதற்குப் பதில் சொல்ல முடியாத நிறுவனத்தால், திருடு போனது எது, கடைக்காரர் திருப்பித் தர மறந்தது எது என்று பிரிக்கவே முடியாது. கிரேட் எந்நேரமும் யாராவது ஒருவர் பேரில் இருக்க வேண்டும். கீழே வரும் தவறுகளில் பல, அது யார் பேரிலும் இல்லாத இடைவெளியில்தான் நடக்கின்றன.

பாலை எண்ணி இறக்குவார்கள், காலியை எண்ணாமல் ஏற்றுவார்கள். என் பார்வையில் இதுதான் இருப்பதிலேயே பெரிய ஓட்டை. டெலிவரி சலானில் லிட்டர் கணக்கு சுத்தமாக இருக்கும், கிரேட்டுக்கு ஒரு கட்டம்கூட இருக்காது. கடைக்கு 12 கிரேட் இறங்கி 9 காலி திரும்பினால், மீதி 3 அன்றைக்கே கடையின் பாக்கியில் ஏற வேண்டும். நேற்றைய பாக்கி, இன்று இறக்கியது, இன்று எடுத்தது, இப்போதைய பாக்கி என்ற நான்கு எண்களும் கடைக்காரர் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலேயே இருக்கட்டும். சில நாளுக்குள் கேட்டால் அவருக்கு நினைவிருக்கும், தேடித் தருவார். வருடக் கடைசியில் ஸ்டாக் எடுத்துவிட்டு மொத்தமாகக் குறைகிறது என்று போய் நின்றால் சண்டைதான் வரும். எண்ண நேரமில்லை என்பார்கள். காலிகளை எப்போதும் ஒரே உயரத்தில், பத்துப் பத்தாக அடுக்கும் பழக்கம் வந்துவிட்டால், அடுக்கை மட்டும் எண்ணினால் போதும்.

சரி, எண்ணத் தொடங்கியாகிவிட்டது. அப்புறம் செய்யும் தவறு, குறைவதை எல்லாம் டிரைவர் சம்பளத்தில் பிடிப்பது. பிடித்தம் வந்ததும் டிரைவர் எண்ணைச் சரிக்கட்டத்தான் பார்ப்பார். அடுத்த ரூட்டில் ஒரு கடை வாசலில் கிடப்பதையோ வேறு நிறுவனத்தின் கிரேட்டையோ தூக்கிப் போட்டுக்கொண்டு வருவார். ஏட்டில் எண் சரியாக இருக்கும், அதற்குள் இன்னொருவர் கணக்கு கெட்டிருக்கும். காலியை ஏன் விட்டுவிட்டு வந்தார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். வண்டியில் இடமில்லை என்பது அடிக்கடி வரும் பதில். ஒன்றுக்குள் ஒன்று இறங்காத வகைக் கிரேட், காலியாக இருந்தாலும் பாலோடு இருந்தபோது பிடித்த அதே இடத்தைப் பிடிக்கும். திரும்பும் வண்டியில் வேறு சரக்கை ஏற்றச் சொல்லிவிட்டு அவரைத் தண்டிப்பது நியாயமே இல்லை. மாறி வந்த பிற நிறுவனக் கிரேட்டுகளை ஒதுக்கி வைத்து, அவர்களோடு பேசி மாற்றிக்கொள்ளுங்கள். அவர்களிடமும் உங்களுடையது கட்டாயம் கிடக்கும்.

கிரேட் பற்றாக்குறை வந்தாலே திருட்டு என்று முடிவு கட்டுவதும் தவறு. தினமும் 1,000 கிரேட் வெளியே போய், ஒவ்வொன்றும் திரும்ப 3 நாள் ஆனால் சுற்றில் 3,000 இருக்க வேண்டும். கடைகள் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டால் 4,000 தேவைப்படும். ஒன்றுகூடத் தொலையாமலே ஆயிரம் குறைந்ததுபோல் தெரியும். இந்த நிலையில் புதிது வாங்கிக் கொட்டினால் கடைகளில் தேங்குவதுதான் கூடும்.

கிரேட்டைத் திருப்பித் தரும்வரை கடையிடம் வாங்கி வைக்கும் வைப்புத்தொகையில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. கிரேட்டின் விலையைவிட மிகக் குறைவாக வாங்கினால், பணம் போனாலும் பரவாயில்லை என்று கிரேட்டை வைத்துக்கொள்வார்கள். ஓரளவு நல்ல தொகையாக வைத்துவிட்டு, கிரேட் அடுக்கி வைக்கும் யார்டைத் திறந்து போட்டால் இன்னும் மோசம். பின்பக்க வேலி வழியாகப் போன கிரேட், வேறொரு கடை வழியாகத் திரும்பி வந்து வைப்புத்தொகையையும் வாங்கிக்கொண்டு போகும். அதனால் ஒரு கடை தன் பாக்கியில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் திருப்பினால், பணம் கொடுக்கும் முன் விசாரியுங்கள்.

உண்மையான திருட்டு பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக்கை நம்பித்தான் நடக்கிறது. கிரேட் செய்யும் அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீனை அரைத்தால் திரும்ப உருக்கிப் பயன்படுத்தலாம். அரைத்த பிறகு யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. இரவில் கடை வாசலிலும் சுவரோரமும் அடுக்கி விட்டுவைப்பது அதற்கு வாய்ப்புக் கொடுப்பதுதான். கடை திறக்கும் முன்பே பால் இறக்கும் ரூட்டுகளில், முந்தைய நாள் காலிகளைப் பூட்டிய கூண்டுக்குள் வைத்து டிரைவரிடம் ஒரு சாவி கொடுக்கலாம். அடுக்கு முழுக்கத் தெரியும்படி மொபைலில் ஒரு போட்டோ எடுத்தால் கையெழுத்து இல்லாத குறையும் தீரும்.

இன்னொரு வகை எடுப்பவர்கள், திருடுகிறோம் என்றே நினைக்காதவர்கள். உட்காரவும் செடி வைக்கவும் புத்தகம் அடுக்கவும் வாசலில் கிடந்ததை எடுத்துப் போகிறார்கள். ஸ்டிக்கர் ஒட்டுவது இங்கே வீண் செலவு, கார மருந்து கலந்த வெந்நீரில் சில முறை கழுவினாலே உரிந்துவிடும். நிறுவனப் பெயர், விற்பனைக்கு அல்ல என்ற வரி, ஒரு தொலைபேசி எண் ஆகிய மூன்றும் அச்சிலேயே வார்த்து வரட்டும். அந்த எண்ணுக்கு அழைப்பவரிடம் குற்றவாளியைப் போலப் பேசாமல், வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

கிரேட்டில் பொருத்தி, ரேடியோ அலையால் ஒவ்வொன்றையும் அடையாளம் காணும் ஆர்எஃப்ஐடி பட்டைகள் நல்ல கருவிதான். ஆனால் சலானில் கிரேட் கட்டமே இல்லாத நிறுவனம் முதலில் அதை வாங்கக் கூடாது. பேட்டரி இல்லாமல் தூரத்திலிருந்து படிக்கும் வகைப் பட்டைகளின் ரேடியோ அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும், பாலில் பெரும்பகுதி தண்ணீர். நிறைந்த அடுக்கை வாசலில் படிக்கும்போது சில பட்டைகள் விட்டுப்போவது அதனால்தான். காலி கிரேட் கழுவும் இயந்திரத்துக்குள் ஒவ்வொன்றாகப் போகும் இடத்தில் ரீடரை வைத்தால் கணக்கு நம்பகமாக வரும்.

கடைசியாக, உடைந்த கிரேட்டுகள். முழுசாக அப்படியே பழைய பிளாஸ்டிக் வாங்குபவருக்கு விற்காதீர்கள். ஒருமுறை விற்றுவிட்டால், பிறகு அவர் கடையில் எந்தக் கிரேட்டைப் பார்த்தாலும் "உங்களிடம் வாங்கியதுதான்" என்று அவரால் சொல்ல முடியும். யார்டிலேயே வெட்டியோ அரைத்தோ, எண்ணிக்கையை ஏட்டில் கழித்த பிறகு வெளியே அனுப்புங்கள்.