உடுமலைப் பக்கம் மில்லுக்குப் பழைய காத்தாடி (காற்றாலை) வாங்கும் முன் போட வேண்டிய யூனிட் கணக்கு

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் இறங்கும் காற்று புரட்டாசியில்தான் ஓயும். கேத்தனூர், பூளவாடி, உடுமலை வட்டாரத்துக் காத்தாடிகள் வருஷ யூனிட்டில் பெரும்பங்கை இந்த மாதங்களிலேயே எடுத்துவிடும். அதனால் ஆடியில் போய் இறக்கை சுற்றுவதைப் பார்த்து விலை பேச வேண்டாம். மூன்று வருஷத்து மின்வாரிய மீட்டர் கணக்கை மாதவாரியாக வாங்கிப் பாருங்கள்.

250 கிலோவாட் இயந்திரம் வருஷம் முழுக்க முழுத் திறனில் ஓடினால் 250 × 8,760 = 21.9 லட்சம் யூனிட். அப்படி எதுவும் ஓடாது. அதில் 18 சதவீதம் என்று வைத்தால் சுமார் 3.94 லட்சம். மீட்டர் கணக்கு இதற்கு வெகுவாகக் கீழே இருந்தால், காற்று வரும் மேற்குப் பக்கத்தில் தடையாக என்ன முளைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கம்: வேகம் 10 சதவீதம் குறைந்தால் சக்தி 27 சதவீதம் போய்விடும். காற்று வரும் திசையில் இறக்கை விட்டத்தைப்போல் 7 மடங்கு, பக்கவாட்டில் 5 மடங்கு இடைவெளி விடுவது வழக்கம். 30 மீட்டர் விட்டத்துக்கு அது 210 மீட்டரும் 150 மீட்டரும். டேப் பிடித்தே அளந்துவிடுங்கள்.

அடுத்தது கியர்பாக்ஸ். எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மினுமினுக்கும் துகள் இருந்தால் பேரிங்கோ பல்லோ தேய்கிறது. ஆனியில் இது உடைந்தால் கிரேன் வாடகையோடு அந்த வருஷத்து வருமானமும் போகும். பழுது வேலையை மாசி, பங்குனிக்குள் முடித்துவிட வேண்டும். கெப்பாசிட்டர் பேனலையும் திறந்து பாருங்கள். பழைய இண்டக்‌ஷன் ஜெனரேட்டர், காந்தப்புலம் உண்டாக்க மட்டும் பயன்படும் ரியாக்டிவ் பவரை கிரிட்டிலிருந்து (மின்வாரிய லைனிலிருந்து) இழுக்கும். அதை அங்கேயே ஈடுகட்டும் கெப்பாசிட்டர் செத்திருந்தால் அதற்குத் தனிக் கட்டணம் வரும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

பணக் கணக்கு: உங்கள் மில் பில்லில் யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 3.94 லட்சம் யூனிட்டுக்கு 27.58 லட்சம் ரூபாய். இதில் வீலிங் (மின்வாரிய லைன் வழியாக மில்லுக்குக் கொண்டுவரும் கட்டணம்), லைன் இழப்பு, பேங்கிங் (மிஞ்சும் யூனிட்டை வாரியத்திடம் சேர்த்து வைக்கும் கட்டணம்), பராமரிப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் கழியும். சீசனில் மிஞ்சும் யூனிட்டை எதுவரை சேர்த்து வைக்கலாம், எந்த நேரத்து யூனிட் எந்த நேரத்து நுகர்வுக்குக் கழியும் என்று உங்கள் மின்வாரிய வட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கணக்கை முடியுங்கள். நாலைந்து பேர் கூட்டாக வாங்கினால், 2005 மின்சார விதிகளின்படி உபயோகிப்பவர்கள் கையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும்; வருஷ உற்பத்தியில் 51 சதவீதத்தை அவர்களே உபயோகிக்கவும் வேண்டும். தவறினால் அது சொந்த உபயோகமாகக் கருதப்படாமல், கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் எல்லார் தலையிலும் விழும்.

இதே 3.94 லட்சம் யூனிட்டைக் கிரிட்டிலிருந்து எடுத்தால், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்ற கணக்கில் 276 டன் கரியமில வாயு. பழைய அனல் நிலையங்களுக்கு 2015-இல் வைத்த தண்ணீர் வரம்பு யூனிட்டுக்கு 3.5 லிட்டர், அந்த அளவில் 13.8 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் 115 நடை. போர்வெல் ஆயிரம் அடியைத் தொட்ட ஊர்களில் இந்த எண்ணின் கனம் தெரியும். காத்தாடிக்குத் தண்ணீர் கிட்டத்தட்ட வேண்டியதே இல்லை. ஆனால் மாற்றிய கியர் எண்ணெயை அடித்தளத்துப் பக்கத்தில் கொட்டினால் அது கிணற்றுக்குத்தான் இறங்கும். டிரம்மில் பிடித்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் இதை ஒரு வரியாக எழுதியே கையெழுத்துப் போடுங்கள்.