ஊறுகாய் வாளியில் கப்பி மீன்

கொளத்தூரில் வாங்கிய கப்பிகளைத் தனியே வைக்கப் பழைய சாமான் கடையில் 20 லிட்டர் வாளி எடுத்தேன். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தது, மீனுக்கு ஆகும் வாளிதான் என்று நம்பிவிட்டேன். மறுநாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தண்ணீரை மோந்தால் பினாயில்! அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையைத்தான் சொல்லும், முன்பு உள்ளே என்ன இருந்தது என்பதை அல்ல. உடனே தொட்டிக்கு மாற்றியும் இரண்டு போய்விட்டன.

அடுத்தது மெஸ்ஸில் கேட்டு வாங்கிய ஊறுகாய் வாளி. சோப்பு தொடவில்லை. சோடா உப்பால் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்தெடுத்து, சுடுதண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க மூடி வைத்தேன். காலையில் திறந்தால் மாங்காய் வாசம். மூன்று நாள் தண்ணீர் மாற்றி, வெயிலில் காய வைத்த பிறகுதான் அடங்கியது. பினாயில் வாளி இப்போது மாடிப்படி கழுவ.