வளர்கிற குதிரைக்குச் சேணம்: என் அனுபவம்

அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய என் மார்வாரி இனக் குதிரைக்கு நான்கு வயது. கைக்காசுக்கு ஏற்றபடி பாளையங்கோட்டையில் ஒருவரிடம் பழைய தோல் சேணம் வாங்கினேன். தாமிரபரணிக் கரையில் ஒரு சுற்றுப் போய்வந்து கழற்றினால் முதுகெல்லாம் வியர்வை. பிடரி முடிகிற மேட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலம் மட்டும் காய்ந்து கிடந்தது. நல்லதுதானே என்று நினைத்தேன். முட்டாள்தனம்! சேணம் அளவுக்கு மீறி அழுத்துகிற இடத்திலும் வியர்வை வராது. வயிற்று வாரை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வந்ததும் அதனால்தான்.

அடியில் இன்னொரு மெத்தை போட்டேன். இன்னும் மோசம். இறுகிய ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்ட கதை.

அப்புறம் ஒரு தடித்த கம்பியைத் தோளுக்குப் பின்னால் முதுகோடு ஒட்டி வளைத்து, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டினேன். அட்டையோடு நாலு இடம் அலைந்து, அதற்குப் பொருந்திய பழைய சேணம் ஒன்றை எடுத்தேன். மேட்டுக்கு மேலே மூன்று விரல் இடைவெளி. பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் சேணத்துக்கு அடியில் உள்ள நடுப்பள்ளத்தில் வெளிச்சம் தெரிகிறது. உள்ளே கம்பளி அடைத்தது என்பதால் கூட்டிக் குறைக்கலாம்.

ஐந்தாறு வயது வரை முதுகு மாறும் என்பதால் புதிதாகச் செய்யக் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டையை வைத்துப் பார்ப்பேன். போன வாரம் அது சரியாக உட்காரவில்லை, பயல் அகன்றுவிட்டான். கம்பளியைக் கொஞ்சம் உருவச் சொல்லித் தோல் வேலை அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறேன்.