கேரவன் டிரெய்லருக்கு டயர் வாங்கும் முன் எடை போடுங்கள்

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேரவன் டிரெய்லரை (சக்கரம் வைத்த சின்ன வீடு) புதிதாக வாங்கியவர்கள் முதலில் கேட்பது "எந்த பிராண்டு டயர் நல்லது?" என்றுதான். பிராண்டு அப்புறம். முதலில், ஒவ்வொரு சக்கரமும் எத்தனை கிலோ தாங்குகிறது என்று தெரிய வேண்டும்.

படி 1: நிறைத்துக்கொண்டு எடை போடுங்கள்

விற்பவர் சொல்வது பெரும்பாலும் காலி எடை. 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. சிலிண்டர், பாத்திரம், மடக்கு நாற்காலி எல்லாம் அதற்கு மேல். பயணத்துக்குக் கிளம்புகிற மாதிரியே ஏற்றிக்கொண்டு பெங்களூரில் பீன்யா பக்கம் போங்கள்; லாரிகளுக்கான எடைமேடைகள் அங்கே உண்டு. காரைக் கழற்றாமல், டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அடுப்பும் ஃப்ரிட்ஜும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே பக்கம் இருந்தால் இந்த இரண்டாவது சீட்டு ரொம்ப முக்கியம்.

படி 2: கனமான பக்கத்துக்குக் கணக்கு

ஒற்றை அச்சில் மொத்தம் 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமையல் பக்கம் 660, மறுபக்கம் 540. டயரை 660-க்குத்தான் பார்க்க வேண்டும், சராசரியான 600-க்கு அல்ல. பள்ளத்தில் இறங்கும்போதும் வளைவில் சாயும்போதும் சுமை ஏறும் என்பதால் 20 சதவீதம் கூட்டுங்கள்: 792 கிலோ.

படி 3: டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

185 ஆர் 14 சி 102/100 என்று இருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 14 என்பது அங்குலத்தில் ரிம். 102 என்பது லோடு இண்டெக்ஸ், அதாவது ஒரு டயர் தாங்கும் சுமையைக் குறிக்கும் எண்; 102-க்கு 850 கிலோ. 100 என்பது ஒரே பக்கத்தில் இரண்டு டயரைச் சேர்த்து இரட்டைச் சக்கரமாக மாட்டும்போது டயருக்கு 800 கிலோ. நமக்கு அது வேண்டாம். 850 நம் 792-க்குப் போதும்.

இங்கேதான் கவனம். 185/70 ஆர் 14 88 என்ற கார் டயரும் அதே 14 அங்குல அளவுதான், பார்ப்பதற்கும் குறை தெரியாது. ஆனால் 88 என்றால் வெறும் 560 கிலோ. "அளவு சரியா இருக்கு சார்" என்று கடையில் சொன்னாலும் வாங்காதீர்கள்.

படி 4: தேதி, ரிம், காற்று

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் வாங்கினாலும் சரி, வேறு எங்கே வாங்கினாலும் சரி, "அண்ணே, தேதி எண்ணைக் காட்டுங்க" என்று கேளுங்கள். 1825 என்றால் 2025-இன் 18-வது வாரத்தில் தயாரித்த டயர். டிரெய்லர் மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும் வண்டி. பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) தேயாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடுங்கள்.

அந்த 850 கிலோ, டயரில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்தத்தில்தான் கிடைக்கும். காற்று குறைந்தால் டயர் சூடேறி வெடிக்கலாம். ரிம்மும் வால்வும் அந்த அழுத்தத்தைத் தாங்குமா, ரிம்மின் சொந்தச் சுமை வரம்பு என்ன என்பதையும் பார்த்துவிடுங்கள்.

படி 5: கிளம்பும் நாள்

ஸ்டெப்னியும் இதே ரேட்டிங்கில் இருக்கட்டும். காலையில் வண்டி நகரும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பாருங்கள். புது டயர் மாட்டியிருந்தால், பெங்களூரிலிருந்து வரும் வழியில் ஓசூர் தாண்டியதும் ஓர் இடத்தில் நிறுத்தி வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிக்கொள்ளுங்கள்.