சான்றிதழோடு நின்றுவிடும் பயிற்சி

தஞ்சாவூர், திருவாரூர், திருச்சி என்று நம் பகுதிப் பல்கலைக்கழக நூலகர்கள் பலருக்கும் பதவி உயர்வு விண்ணப்பம் நெருங்கும்போதுதான் புத்தாக்கப் பயிற்சி நினைவுக்கு வருகிறது. எதில் இடம் இருக்கிறது, எது விடுமுறைக்குள் முடியும் என்று பார்த்துச் சேர்ந்துவிடுகிறோம். பயிற்சி விஷயத்தில் நாம் செய்யும் மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது. நம் நூலகத்தில் தீராமல் கிடக்கும் சிக்கல் ஒன்றையாவது கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

நான் அப்படிப் போகவில்லை. நூலகப் பட்டியலைப் பராமரிக்கும் கோஹா மென்பொருளில் பயிற்சி முடிந்து திரும்பிய மறுநாள், ஓர் ஆய்வு மாணவி, "உ.வே.சா. பதிப்புகள் நம்மிடம் எத்தனை இருக்கு, சார்?" என்று கேட்டார். தேடினால் 7 வந்தது. அலமாரியில் அதைவிட அதிகம் இருப்பது எனக்கே தெரியும். பார்த்தால் சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர், உ.வே.சா. என்று ஒரே மனிதர் நான்கு பேராகப் பதிவாகியிருக்கிறார். போதாததற்குச் சில பழைய பதிவுகள் யுனிகோடு முறையில் சேராத பாமினி எழுத்துருவில் இருந்தன. யுனிகோடில் தட்டினால் அவை அகப்படவே மாட்டா. ஓர் ஆசிரியரின் பல பெயர்களை ஒன்றாக இணைப்பது எப்படி என்று அந்தப் பயிற்சியிலேயே ஒரு வகுப்பு நடந்தது. அது என் நூலகத்துச் சிக்கல் என்று தெரியாததால் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுந்து வந்திருக்கிறேன்.

சொந்த நூலகத்தின் தேவையை மனத்தில் வைத்துப் படிப்பது எப்படி என்பதற்கு நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர்.ரங்கநாதனே சான்று. சீர்காழியில் பிறந்த அவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான பிறகுதான் லண்டன் போய் நூலகவியல் படித்தார். அங்கே இருந்த, நூல்களை வகைபிரிக்கும் பகுப்பு முறைகள் அவருக்குப் போதவில்லை. தாமே ஒன்றை உருவாக்கி, சென்னை நூலகத்தில் செய்துபார்த்து, 1933-ல் கோலன் பகுப்பு என்று வெளியிட்டார்.

அப்புறம் இன்னொரு தவறு, கருத்துத்திருட்டைக் கண்டறியும் மென்பொருளை இயக்கக் கற்றுக்கொண்டு அதன் அறிக்கையைப் படிக்கக் கற்காமல் விடுவது. கருத்துத்திருட்டு குறித்த 2018-ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளில், பிறர் எழுத்தோடு 10 சதவீத ஒப்புமை வரை தண்டனை கிடையாது. அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். தமிழ் ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் சங்கப் பாடல் இருக்கும். அதையும் மென்பொருள் ஒப்புமையாக எண்ணக்கூடும். முறையாகச் சான்று காட்டிய மேற்கோளைக் கழித்துவிட வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. இதைத் தெரியாத நூலகர் கையெழுத்திட்டால் ஒரு மாணவரின் ஆய்வேடு வீணாகத் திரும்பி வரும்.

ஒருமுறை கற்றால் போதும் என்று இருப்பதும் சரிவராது. 2025 ஜனவரியில் மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் தொடங்கியபின் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. நூலகருக்கே தெரியாவிட்டால் மாணவர் எங்கே போவார்?

கற்றதை நூலகரே வைத்துக்கொள்வதுதான் எனக்கு அதிகம் வலிக்கும் தவறு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வராவிட்டால் என்ன பாடு என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நூல் வழங்கும் கவுண்டரில் இருப்பவர்தான் நாள் முழுக்க மாணவர் முகத்தைப் பார்க்கிறார். எங்கள் நூலகத்தில் உ.வே.சா.வின் நான்கு பெயர்களையும் இணைத்தவர் அந்தக் கவுண்டர் உதவியாளர்தான். உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க எனக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின. இப்போது தேடினால் 23 வருகிறது.